பக்கம் காணவில்லை

“லாரிக்குப் பின்னாடி எழுதினதை நான் எப்படிம்மா மாத்துறது? பெயின்ட்டுல எழுதினது. சுரண்டினாக்கூடப் போகாது.”

மேஜைக்கு எதிரே உட்கார்ந்திருந்த லாரி டிரைவர் குரலை உயர்த்தவில்லை. அதுவே வலைத்தளத்தைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. சத்தம் போடுகிறவர்களைச் சமாளித்துவிடலாம்.

“நீங்க எதையும் மாத்த வேண்டாம்ணே. எழுதினது எழுதினபடி இருக்கட்டும். நான் இங்கிருந்தே சரி பண்ணிடறேன்.”

காணாமல் போனவர்களைத் தேடிக் கொடுக்கும் தொண்டு நிறுவனம் அது. மொத்தமே இரண்டு அறை, மூன்று நாற்காலி. காணாமல் போன ஒவ்வொருவருக்கும் வலைத்தளத்தில் ஒரு பக்கம் உண்டு. படம், அடையாளம், கடைசியாகப் பார்த்த இடம், தகவல் சொல்ல ஒரு எண். போன வாரம் தளத்தைப் புதிதாக மாற்றினார்கள். மாற்றின கையோடு பழைய முகவரிகள் எல்லாம் படுத்துவிட்டன. அன்றிலிருந்து திட்டு வாங்குவதே அவளுக்கு முழுநேர வேலையாகிவிட்டது.

“நேத்து டீ குடிக்க வண்டியை நிறுத்தினேன். ஒருத்தர் லாரிக்குப் பின்னாடி நின்னு, எழுதியிருந்த முகவரியைப் போன்ல தட்டிட்டு, ‘பக்கம் காணவில்லைன்னு வருதே’ங்கறார். தம்பியைக் காணோம்னு உங்ககிட்ட வந்தா, நீங்க பக்கத்தையே காணோம்னு சொல்றீங்க. நல்லா இருக்கும்மா உங்க பொழப்பு.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கிற இடமில்லை என்று அடக்கிக்கொண்டாள்.

“வீடு மாறினா, பழைய வீட்டுக்கு வர்ற தபாலைப் புது வீட்டுக்குத் திருப்பி விடச் சொல்லி எழுதிக் கொடுப்போம்ல? அதே கதைதான். பழைய முகவரியைத் தட்டினா, அதுவே புதுப் பக்கத்துக்குக் கூட்டிட்டுப் போயிடும். காலையில இருந்து அந்த வேலைதான் பார்த்துட்டு இருக்கேன்.”

“அப்ப என் தம்பிக்கும் பண்ணிடு.”

அவள் தேடினாள். வேறு மாதிரி தட்டித் தேடினாள். நெற்றியைச் சுருக்கினாள்.

“அண்ணே, உங்க தம்பிக்குப் புதுப் பக்கமே இல்லையே. மூட்டை கட்டும்போது விட்டுப் போச்சு போல.”

“விட்டுப் போச்சா?”

“இப்போதைக்கு முகப்புப் பக்கத்துக்குத் திருப்பி விடறேன்.”

“முகப்புல யார் இருக்காங்க?”

“எல்லாரும்தான்.”

“எல்லாரும் இருக்கற இடத்துல என் தம்பியை எவன்மா தேடுவான்? என் வண்டிக்குப் பின்னாடி ஒருத்தன் நிக்கறதே சிக்னல் விழற வரைக்கும்தான். தட்டின உடனே அவன் மூஞ்சி வரணும். வரலைன்னா போயிட்டே இருப்பான்.”

அவர் சொன்னது நியாயம். அவள் தன் வசதிக்காகத்தான் முகப்பைச் சொன்னாள்.

“சரி, புதுசாவே ஒரு பக்கம் போட்டுடலாம். படம் இருக்கா?”

போனிலிருந்து படத்தை அனுப்பினார். இருபத்திரண்டு வயதுப் பையன். முறைத்துக்கொண்டு நின்றான்.

“சிரிச்ச மாதிரி எதுவும் இல்லையா?”

“என்கூட நின்னா சின்னவன் சிரிக்க மாட்டான்.”

உயரம் கேட்டாள், சொன்னார். என்ன சட்டை போட்டிருந்தான் என்று கேட்டாள், அதையும் சொன்னார். ஏன் போனான் என்று அவள் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்.

“பெருசா ஒண்ணும் இல்லம்மா. வண்டி ஓட்ட வாடான்னேன். வரமாட்டேன், வேற வேலை பார்க்கறேன்னான். வாய்க்கு வந்ததைப் பேசிட்டேன். விடிஞ்சு பார்த்தா ஆள் இல்ல. அவனுக்குப் பசி தாங்காது. எந்த ஊர்ல வண்டியை நிறுத்தினாலும் சாப்பாட்டுக் கடையைத்தான் முதல்ல எட்டிப் பார்க்கறேன். இருக்கானா, ஏதாவது ஆயிடுச்சான்னுகூடத் தெரியல. அந்த ஒரு பக்கம்தான் எனக்கு மிச்சம்.”

அவள் வேகமாகத் தட்டச்சு செய்தாள். புதுப் பக்கம் தயாரானது. பழைய முகவரியை அதற்குத் திருப்பிவிட ஒரே ஒரு பொத்தான்தான் பாக்கி.

வெளியே போயிருந்த பொறுப்பாளர் அம்மா அப்போதுதான் உள்ளே வந்தார். டிரைவரைப் பார்த்துத் தலையசைத்தார். திரையைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

“இதை ஏன் திரும்பப் போடறே?”

“தளம் மாத்தும்போது விட்டுப் போச்சு மேடம்.”

“விட்டுப் போகலை. அதுக்கு முன்னாடியே நான்தான் எடுத்தேன்.”

டிரைவரின் முகம் வெளிறியது. அந்த அலுவலகத்தில் ஆள் கிடைத்தாலும் பக்கத்தை எடுப்பார்கள், உடல் கிடைத்தாலும் எடுப்பார்கள் என்று அவருக்கும் தெரியும். மேஜையைப் பிடித்துக்கொண்டார்.

“ஏன் எடுத்தீங்க? எதுவா இருந்தாலும் சொல்லிடுங்கம்மா.”

பொறுப்பாளர் அவரை விநோதமாகப் பார்த்தார்.

“என்னங்க இப்படிக் கேக்கறீங்க? உங்க தம்பியே வீடியோல கூப்பிட்டார். அடையாள அட்டையைக் காட்டி, ‘படத்துல இருக்கறது நான்தான், நல்லா இருக்கேன், பக்கத்தை எடுத்துடுங்க, நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம், அண்ணன்கிட்ட நானே பேசிக்கறேன்’னு சொன்னாரே. இன்னும் பேசலையா?”

“பேசலம்மா,” என்றார் டிரைவர். கண்ணீர் வழிய வழியச் சிரித்தார். “பேசாட்டிப் போறான், இருக்கான்ல.” பிறகு, பொத்தானில் விரலை வைத்தபடி உட்கார்ந்திருந்த பெண்ணின் பக்கம் அவசரமாகத் திரும்பினார்.

“அதை அழுத்திடாதம்மா. யார் தட்டினாலும் காணோம்னே வரட்டும்.”