நாக்குக்கு அடியில்

“அப்பா, மறைக்காம சொல்லு. அந்த மாத்திரைய நீதானே எடுத்துப் போட்ட?”

சிதம்பரத்தில் பஸ் ஏறியதிலிருந்து வினோதினி இதையேதான் கேட்டுக்கொண்டு வந்தாள். கடலூரே வரப்போகிறது. சுப்புராயனும் அதே பதிலைத்தான் சொல்லிக்கொண்டு வந்தார்.

“நான் தொடலம்மா. பிச்சாவரத்துத் தண்ணி மேல சத்தியம்.”

“அப்போ அட்டை எப்படி முக்காவாசி காலியாச்சு? போன மாசந்தான் புதுசா வாங்கிக் குடுத்தேன். நெஞ்சு வலிச்சா நாக்குக்கு அடியில வச்சிக்கிற மாத்திரை அது. வலிக்காமலே கரைஞ்சு போயிடுமா?”

நியாயமான கேள்விதான். அதனால்தான் சுப்புராயனுக்கு எரிச்சல் ஜாஸ்தியானது.

போன வருஷம் படகில் ஆள் ஏற்றிக்கொண்டு போகும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர் அவர். கடலூருக்குத் தூக்கி வந்து ஸ்டென்ட் வைத்துப் பிழைக்க வைத்தார்கள். ரத்தம் உறையாமல் இருக்க, கொழுப்புக் குறைய என்று தினமும் போட வேண்டிய மாத்திரைகளை ஒன்று விடாமல் போட்டார். பஜ்ஜியைக் கூட விட்டுவிட்டார், பாவம்.

எல்லாம் எதற்காக? திரும்பவும் துடுப்புப் பிடிக்கத்தான். அதுவரை கரையில் நின்று வருகிறவர்களுக்கெல்லாம் லைஃப் ஜாக்கெட் மாட்டிவிடச் சொல்லியிருந்தார்கள். துடுப்புப் போட்ட கைக்கு அது ஒரு வேலையா? படகு ஏறலாமா கூடாதா என்று டாக்டர் இன்றைக்குச் சொல்லப்போகிறார். இந்த நேரம் பார்த்தா மாத்திரை காணாமல் போக வேண்டும்? வலியை மறைக்கிறார் என்று டாக்டர் நினைத்துவிட்டால் போச்சு, படகுக்கு ஒரு பெரிய கும்பிடு.

“அவரு போடலடி,” என்றாள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அவர் மனைவி அமராவதி. “எலி கிலி இழுத்துட்டுப் போயிருக்கும்.”

“ஏம்மா, எலிக்கு ஹார்ட் அட்டாக்கா?”

பின் சீட்டுக்காரர் சிரித்துவிட்டார். சுப்புராயனுக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். பெற்ற பெண்ணே திருடனைப் பார்ப்பது போலப் பார்க்கிறாள். தன்னை நம்ப உலகத்தில் ஒரு ஜீவனாவது இருக்கிறதே என்று அமராவதி மேல் பாசம் பொங்கியது. எலிக்குப் பதில் வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம், அவ்வளவுதான்.

டாக்டர் பிரிசில்லாவின் கிளினிக் மாடியில் இருந்தது. சுப்புராயன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு விறுவிறுவென்று ஏறினார். மகள் பார்க்கட்டும் என்றுதான். மேலே போய்த் திரும்பிப் பார்த்தால் அமராவதி பாதிப் படியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

“என்னம்மா, முட்டி வலியா?” என்றாள் வினோதினி.

அமராவதி வாயைத் திறக்கவில்லை. ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினாள். கொஞ்சம் நின்று, மெல்ல மேலே வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். சற்று நேரத்தில் பையிலிருந்து தைல பாட்டிலை எடுத்து நெற்றியில் தேய்க்க ஆரம்பித்தாள்.

“பஸ்ல ஒரே காத்து. தல விண்ணு விண்ணுன்னு தெறிக்குது.”

“ஒங்கம்மாவுக்கு இப்பல்லாம் தைலத்துலதான் குளியலே,” என்றார் சுப்புராயன்.

உள்ளே கூப்பிட்டார்கள். தைல பாட்டிலும் கையுமாக அமராவதியும் கூடவே வந்து உட்கார்ந்தாள். டாக்டர் ரிப்போர்ட்டுகளைப் புரட்டினார்.

“ட்ரெட்மில் டெஸ்ட் நல்லா இருக்கு. எக்கோவும் நல்லா இருக்கு. வலி ஏதாவது வந்துதா?”

“இல்லீங்கம்மா.”

“பொய் சொல்றாரு டாக்டர்.” வினோதினி அட்டையை மேசை மேல் வைத்தாள். “பாருங்க, முக்கால்வாசி காலி. கேட்டா எலி தின்னுடுச்சாம்.”

டாக்டரின் புருவம் சுருங்கியது. சுப்புராயனின் படகு கண்ணெதிரே தூரமாகப் போய்க்கொண்டிருந்தது.

“ஐயா, இந்த மாத்திரைய வச்சா ஒங்களுக்கு எப்படி இருக்கும்?”

“ஆஸ்பத்திரில ஒரே ஒரு தபா வச்சாங்க. நெஞ்சு விட்டுது. ஆனா மண்டையப் பொளந்துட்டுது பாருங்க, அதுக்கு அந்த நெஞ்சுவலியே தேவலாம். அன்னைலேர்ந்து அத நான் தொட்டதே இல்லீங்க.”

“நெறைய பேருக்கு அப்படித்தான். நெஞ்ச விட்டுட்டு தலயப் பிடிச்சிக்கும்,” என்ற டாக்டர் வினோதினியிடம் திரும்பினார். “அப்பாவுக்கு வீட்டுல தலவலி வருதா?”

வினோதினி யோசித்தாள். பொய் சொல்லத் தெரியாத பெண்.

“இல்ல டாக்டர். அப்பா ஒரு நாளும் தலவலின்னு சொன்னதில்ல.”

டாக்டர் அட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தார். மின்விசிறி காற்றில் அறை முழுக்கத் தைல வாசனை அடித்தது. அட்டையை மேசை மேல் வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

“நீங்க தாராளமா படகு ஓட்டலாம் ஐயா. மொதல்ல கொஞ்ச தூரம் போட்டுப் பாருங்க.”

சுப்புராயன் எழுந்து ஆடாத குறைதான். மகளை ஒரு வெற்றிப் பார்வை பார்த்தார். தன்னை நம்பிய மனைவியிடம் அந்தச் சந்தோஷத்தைக் காட்டலாம் என்று திரும்பினார். டாக்டரும் அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அம்மா, தைலத்த உள்ள வச்சிட்டு நீங்க இந்தக் கட்டில்ல வந்து படுங்க. எவ்ளோ நாளா ஒங்களுக்கு நெஞ்சு அடைக்குது?”

அமராவதி தலை நிமிரவில்லை. “இவரு படகு ஏறினப்புறம் சொல்லிக்கலாம்னு இருந்தேன்,” என்றாள்.