ஒட்டாத மூடி

திருகாணிகள் எளிதாகவே கழன்றன.

அப்படித்தான் அவன் வடிவமைத்திருந்தான்.

மூடியைத் தூக்கினான். உள்ளே ரப்பர் வளையம் ஓரிடத்தில் மடிந்திருந்தது. ஒலிபெருக்கியின் அடியில் ஈரம்.

எதிரே நின்ற செவிலி ஞானசுந்தரி எட்டிப் பார்த்தாள்.

வயிற்றிலிருக்கும் பிள்ளையின் இதயத்துடிப்பைக் கேட்கும் கருவி அது. உள்ளங்கையில் அடங்கும். மலைக்கிராமத்துச் செவிலியர்களுக்கென்று அவனுடைய நிறுவனம் செய்தது.

மூடியைப் பசை போட்டு ஒட்டிவிடலாம் என்றுதான் நிறுவனத்தில் சொன்னார்கள். தண்ணீர் புகாது. அவன்தான் மறுத்தான். ஒட்டிவிட்டால் பேட்டரி போகும்போது மொத்தக் கருவியும் போய்விடும். தூக்கி எறியத்தான் வேண்டும். மலையில் எறிவதற்கு ஓடையை விட்டால் இடம் ஏது என்று கேட்டான். பழைய கருவிகள் ஓடைக்கரையில் உப்பி வெடித்துக் கிடந்ததை அவன் பார்த்திருந்தான். அதே தண்ணீரைத்தான் கீழே குடத்தில் மொண்டுகொண்டிருந்தார்கள்.

வாதாடி வென்றான். திருகாணியும் ரப்பர் வளையமும் போதும் என்று முடிவாயிற்று.

போன வாரம் தும்பக்காட்டில் மழை. தவமணிக்கு வலி கண்டது. ஞானசுந்தரி நனைந்துகொண்டே போய்ச் சேர்ந்து கருவியை வயிற்றில் வைத்தாள். கருவியில் விளக்கு எரிந்தது. சத்தம் வரவில்லை. இடம் மாற்றி மாற்றி வைத்தாள். பழைய மரக்குழலை வைத்துக் காதைக் கொடுத்தாள். தகரக் கூரையில் மழை அறைந்த சத்தத்தில் அதிலும் ஒன்றும் கேட்கவில்லை.

பிள்ளை போய்விட்டது என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

தவமணி செவிலியின் முகத்தைப் பார்த்தாள். அது போதுமாயிருந்தது.

ஜீப்பில் மலை இறங்கும்போது அழுதாள். பாதி வழியில் அழுகை நின்றுவிட்டது.

அடிவாரத்து மருத்துவமனையில் பிள்ளை உயிரோடு பிறந்தது. பெண். பிறந்ததுமே வீறிட்டது.

தவமணி திரும்பிப் பார்க்கவில்லை. இதுவரைக்கும் பார்க்கவில்லை.

அவனுடைய சட்டைப்பையில் கைபேசி அதிர்ந்தது. அலுவலகம். இனிமேல் செய்யும் கருவிகளையெல்லாம் ஒட்டிவிடச் சம்மதம் கேட்டுக் காலையிலிருந்தே அழைக்கிறார்கள். அவன் எடுக்கவில்லை. ஓடையைப் பற்றி அவன் சொன்னது இப்போதும் உண்மைதான். இந்த மருத்துவமனை அறையில் தவமணியின் கட்டிலருகே நின்றுகொண்டு அதைச் சொல்ல வாய் வராது.

தவமணி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். பால் கட்டி மார்பு கல்லாகியிருந்தது. பீய்ச்சி எடுத்துப் பாலாடைச் சங்கில்தான் புகட்டுகிறார்களாம். பக்கத்துத் தொட்டிலில் குழந்தை கையை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தது.

ஞானசுந்தரி கட்டிலில் உட்கார்ந்து, மெதுவாக எடுத்துச் சொன்னாள். கெட்டுப்போனது கருவிதான். பிள்ளைக்கு ஒன்றுமே ஆகவில்லை. அதைச் செய்தவரே வந்திருக்கிறார், பார்.

தவமணி சுவரிடமே பேசினாள்.

"எம்புள்ள வழியிலயே போயிடுச்சு நர்ஸம்மா. இது யாருதோ. பெத்தவ தேடுவா, குடுத்துடுங்க."

அவனுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

குனிந்து வேலையைப் பார்த்தான். மடிந்த வளையத்தை உருவினான். ஈரத்தைத் துடைத்து, சன்னல் வெயிலில் காயவைத்தான். புது வளையத்தைப் பொருத்தி மூடினான். ஒரு திருகாணி கை நழுவிக் கட்டிலடியில் உருண்டது. மண்டியிட்டுத் தேடி எடுத்தான்.

எழுந்து அதையும் முடுக்கியபோது ஞானசுந்தரி கையை நீட்டினாள். கொடுத்தான்.

அவள் குழந்தையின் மார்பில் ஜெல் தடவிக் கருவியை வைத்தாள்.

முதலில் இரைச்சல்.

பிறகு துடிப்பு. வேகமாக, விடாமல்.

அறை முழுக்கக் கேட்டது. மற்ற கட்டில்களில் பேச்சு நின்றது.

தவமணியின் முதுகு அசைந்தது. மெல்ல, சுவரிலிருந்து இந்தப் பக்கம் திரும்பினாள்.

கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

ஞானசுந்தரி ஒரு கையால் தொட்டிலை அவள் பக்கம் நகர்த்தினாள்.

தவமணியின் கை எழுந்தது.

தன் வயிற்றின் மேல் போய் அமர்ந்து, மெல்லத் தடவிக்கொடுத்தது.