ஏஜென்ட் வேண்டாமென்ற பாலிசி

1977. பஹ்ரைன் தலைநகர் மனாமாவில் குதைபியா பகுதி. வெள்ளிக்கிழமை தாமோதரன் வீட்டுக்கு வந்த இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் ஜெயசீலன், தன் கமிஷனுக்கு எதிராகவே பேசிக்கொண்டிருந்தார்.

"முதலீட்டோட சேர்ந்த பாலிசி உங்களுக்கு வேண்டாம் சார். முதல்ல கட்டுற பணமெல்லாம் கம்பெனி செலவுக்கே போயிடும். உயிருக்கு மட்டும் காப்பீடு தர்ற வெறும் டெர்ம் பாலிசி எடுங்க, பிரீமியம் கொஞ்சம்தான். மிச்சத்தை பேங்க்ல போட்டு வைங்க. நினைச்சப்போ எடுக்கலாம்."

"அது சரிப்படாது. முதலீட்டு பாலிசியே கொடுங்க" என்றார் தாமோதரன்.

"லாபம் நிச்சயமில்ல சார்."

"பரவாயில்ல."

"உங்க பையன் காலேஜ் போற வரைக்கும் அதுல கை வைக்க முடியாது."

"அவசரம்னாலும்?"

"யார் வந்து அழுதாலும் முடியாது."

தாமோதரனும் மனைவி சந்திரகலாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஜெயசீலனுக்கு நிம்மதியாக இருந்தது.

"இப்பவாவது புரிஞ்சுதா சார்?"

"நல்லாப் புரிஞ்சுது. எங்கே கையெழுத்துப் போடணும்?"

ஜெயசீலன் பெருமூச்சு விட்டபடி விண்ணப்பப் படிவத்தை நீட்டினார். கையெழுத்துப் போட்ட தாமோதரன், ஒரு வெள்ளைத் தாளை அவர் பக்கம் நகர்த்தினார்.

"யார் அழுதாலும் எடுக்க முடியாதுன்னீங்களே, அதைத் தமிழ்ல எழுதி, கம்பெனி சீல் வச்சுக் கொடுங்க. அடுத்த மாசம் லீவுல ஊருக்குப் போறோம். லாரி வாங்கப் பணம் வேணும்னு என் தம்பி ஏர்போர்ட்டுக்கே வர்றான்."

"ரெண்டா எழுதுங்கண்ணே" என்றாள் சந்திரகலா. "எங்கண்ணனும் வர்றார். அவருக்கு ரைஸ் மில் வாங்கணுமாம்."