இரும்புக்கு இடமில்லை

“கொண்டை ஊசியுமா?” என்று கேட்டார் டைரக்டர் அம்மா.

“அதுவும் இரும்புதான் மேடம்.”

முறைத்துக்கொண்டே ஒவ்வொன்றாக உருவிக் கொடுத்தார்.

அந்தப் புது ஸ்டூடியோவின் டெக்னீஷியனுக்கு எல்லோரும் வைத்த பெயர் காந்தம். நடிப்பவர் உடம்பில் சென்சார் கட்டிவிட்டால், அவர் செய்வதையெல்லாம் திரையில் பொம்மை அப்படியே செய்யும். கம்ப்யூட்டர் விளையாட்டுக்காகத்தான் இத்தனையும். ஆனால் பக்கத்தில் இரும்பு இருந்தால் சென்சார் குழம்பிவிடும், பொம்மை கோணிக்கொள்ளும்.

அதனால் பீரோ, மடக்கு நாற்காலி, ஸ்பீக்கர் எல்லாவற்றையும் காந்தம் வெளியே துரத்தியிருந்தான். தரைக்குள் ஓடும் கம்பிக்குப் பயந்து மரத்தில் உயரமாக மேடை போட்டிருந்தான். முதலாளியின் பெல்ட்டைக்கூட விடவில்லை. பாவம், அவர் பேண்ட்டை ஒரு கையால் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

சென்சார் கட்டி நடிக்க வந்த சண்டை மாஸ்டரை மட்டும் அவன் சோதிக்கவே இல்லை. கும்பிட்டு மேடையேற்றினான். பெரிய மனுஷன் என்றால் தனி நியாயம் போல என்று டைரக்டர் அம்மாவுக்கு எரிச்சல்.

மாஸ்டருக்கு அறுபது தாண்டியிருந்தது. இளசாக ஒருவரைப் போட்டால் என்ன என்று முதலாளி ஏற்கெனவே முனகியிருந்தார். இன்றைய ஒத்திகையில்தான் முடிவு.

மாஸ்டர் சுழன்று உதைத்தார். திரையில் பொம்மையின் இடுப்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் போனது. மறுபடி எடுத்தார்கள். அதே கோணல்.

முதலாளி உதட்டைப் பிதுக்கினார்.

சென்சார் பட்டை தளர்ந்திருக்கிறது என்று சொல்லி, காந்தம் மாஸ்டரைப் பக்கத்து அறைக்கு அழைத்துப் போனான். கொஞ்ச நேரத்தில் தலையைச் சொறிந்தபடி வந்து நின்றான்.

“மன்னிச்சிடுங்க. என் பாக்கெட்லயே திருப்புளி இருந்திருக்கு. அவர் பக்கத்துல நான்தானே நின்னுட்டிருந்தேன்.”

டைரக்டர் அம்மா பிடித்துக்கொண்டார்.

“ஊரையே சோதனை போட்டியே, உன் பாக்கெட்டைப் பாக்க மாட்டியா?”

கூடமே சிரித்தது. அவனும் சேர்ந்து சிரித்தான்.

இந்த முறை மாஸ்டர் உதைத்தபோது பொம்மை வில்லாய் வளைந்து நிமிர்ந்தது. கைதட்ட எழுந்த முதலாளி, சட்டென்று பேண்ட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

இடைவேளையில் மாஸ்டர் டைரக்டர் அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டார்.

“அந்தத் தம்பியைத் திட்டாதீங்கம்மா. இரும்பு அவன் பாக்கெட்ல இல்ல, என் இடுப்புல. முதுகுக்குப் பட்டை போட்டிருக்கேன், அதுக்குள்ள கம்பி. பட்டை இருந்தா எந்தச் சண்டையும் போடலாம்னு டாக்டர் சொல்லிட்டார். ஆனா வெளிய தெரிஞ்சா வேலை போயிடுமேன்னு மறைச்சேன். தம்பி கம்பியை உருவிட்டு பிளாஸ்டிக் ஸ்கேலைச் சொருகிவிட்டான். யார்கிட்டயும் மூச்சு விடாதீங்கன்னும் சொன்னான். எனக்குத்தான் மனசு கேக்கல. இனி உங்க இஷ்டம்.”

டைரக்டர் அம்மா உள்ளே போனார். எல்லாச் சண்டைக்கும் மாஸ்டர்தான் என்று முதலாளியிடம் முடித்துவிட்டு, நேராகக் காந்தத்திடம் வந்தார். இன்னொரு திட்டு விழப்போகிறது என்று எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“நாளைக்கு வரும்போது ரெண்டு ஸ்கேல் கூடுதலா எடுத்துட்டு வா. ஒண்ணு ஒடைஞ்சா என்ன பண்ணுவ?”