தலைவணங்கிய வக்கீல்

ஆற்றங்கரை நிலம் தங்கள் பழங்குடிச் சனத்துடையது என்று சுரங்கக் கம்பெனிமேல் டல்சி போட்ட வழக்கு. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலிருந்து நீதிபதியே வந்து, அந்தக் கரையில் கூடாரம் போட்டு விசாரித்தார்.

வாசலில் வக்கீல் பிரண்டன் டல்சியிடம் குனிந்தார்.

“ஆன்ட்டி, பேசறதுக்கு முன்னாடி வழக்கப்படி உங்க சனத்துக்கு வணக்கம் சொல்லணும்ல? பேரை நான் சொல்றது சரியான்னு கேளுங்க. தப்பாச் சொன்னா அவமரியாதை.”

சொன்னார். டல்சி திருத்தினாள். மறுபடி சொன்னார்.

“எத்தனை காலமா இங்க இருக்கீங்க? அதையும் சேர்த்துக்கறேன்.”

“இந்த ஆறு ஓட ஆரம்பிச்சதுலேருந்து. எழுதிக்கோ, மறந்துடப் போற.”

அன்றுதான் ஊரிலிருந்து வந்திருந்த தங்கை நெகிழ்ந்துபோனாள். “நல்ல வக்கீலாத்தான் பிடிச்சிருக்கக்கா.”

டல்சி கூடாரத்துக்குள் நடந்தாள்.

உள்ளே பிரண்டன் எழுந்தார். அவர்கள் சனத்தின் பெயரை அட்சரம் பிசகாமல் உச்சரித்தார். “ஆறு ஓட ஆரம்பிச்ச நாள்லேருந்து இந்த மண்ணுக்குச் சொந்தக்காரங்க. அவங்க முன்னோருக்குத் தலைவணங்குறேன்.”

தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பிரண்டன் தொண்டையைச் செருமினார்.

“கனம் நீதிபதி அவர்களே, சுரங்கக் கம்பெனி சார்பா எங்க வாதம் ஒண்ணுதான். இந்த மண்ணுக்கும் இவங்களுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.”