வாசலில் இல்லாத செம்பு

"வாசல்ல செம்பு எங்க?" என்றார் மெர்ல் டீச்சர்.

பதினான்காம் எண் படம் அப்போதுதான் முடிந்திருந்தது. அறை விளக்கைக்கூட நான் இன்னும் போடவில்லை.

வெள்ளிக்கிழமை, மதியம் இரண்டு மணி. பொழுது சாய்வதற்குள் வீட்டில் ஓய்வுநாள் மெழுகுவர்த்தி ஏற்றியாக வேண்டும். அதற்கு முன் கோழியை அடுப்பில் வைக்க வேண்டும் என்று வந்ததிலிருந்து டீச்சர் சொல்லிக்கொண்டிருந்தார்.

யூத வாழ்க்கையைப் பற்றிக் குறும்படம் எடுக்கும் புதியவர்களில் மூன்று பேரை ஒவ்வொரு வருடமும் தேர்ந்தெடுக்கிறோம். முப்பது வயதுக்குள் இருக்க வேண்டும். ஒரு வருடத்துக்குக் காமிராவும் படத்தொகுப்பு அறையும் அவர்களுடையவை. இந்த வருடம் இரண்டு பேரை முடிவு செய்தாகிவிட்டது. மிச்சம் ஒரே இடம்.

பெயரை மறைத்து எண்ணை மட்டும்தான் எங்களிடம் தருவார்கள்.

குழுவில் மூன்று பேர். ஜோஹனஸ்பர்க்கில் பாதிப் பேருக்கு நாடகம் சொல்லிக்கொடுத்த மெர்ல் டீச்சர், படத்தொகுப்பாளன் ராயெல், நான்.

விதி ஒன்றுதான். படம் எடுத்தவர் ரத்த உறவு என்று தெரிந்தால் சொல்லிவிட்டு எழுந்துவிட வேண்டும். ஓட்டு கிடையாது. சுற்றி வளைத்த உறவையெல்லாம் கணக்கில் எடுத்தால் இந்த ஊரில் எங்களவர்களில் ஒருவர்கூட அந்த நாற்காலியில் உட்கார முடியாது.

"துக்க வீட்டைப் படம் எடுக்க வந்தவங்களுக்கு இது தெரிய வேணாமா?" டீச்சர் விடவில்லை. "கல்லறையிலேருந்து வர்றவங்க கை கழுவாம வாசப்படி மிதிப்பாங்களா? வீட்ல அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பா."

"மத்ததெல்லாம் சரியாத்தானே இருக்கு டீச்சர்." எங்களவர் வழக்கப்படி சர்க்கரை தூவிய பிஸ்கட்டின் மேல் அரைத்த மீனை அள்ளி வைத்தபடி ராயெல் சொன்னான்.

சரியாகத்தான் இருந்தது. வருகிறவர்கள் தட்ட வேண்டாம் என்று கதவு திறந்தே கிடந்தது. அப்பா குட்டை முக்காலியில் உட்கார்ந்திருந்தார். அவருடைய கோட்டில் வலது பக்கம் கிழித்திருந்தது. பெற்றவர்களுக்கு என்றால் இடது பக்கம் கிழிப்போம், பிள்ளைக்கு என்றால் வலது. கூடத்தில் இருந்த கண்ணாடியை மூடியிருந்தார்கள், பச்சைக் கோடு போட்ட மேசை விரிப்பால்.

பத்து நிமிடமும் காமிரா எதிர்ச்சாரியில் ஒரு ஜகரண்டா மரத்தடியிலேயே நின்று பார்க்கிறது. ஒரு தரம்கூடத் தெருவைத் தாண்டவில்லை. கடைசியில் வீட்டுக்குள்ளிருந்து ஒரு பெண் கேட் வரைக்கும் வருகிறாள். நேராகக் காமிராவைப் பார்க்கிறாள். திரும்பி உள்ளே போய்விடுகிறாள். அத்தோடு முடிகிறது.

"அது இன்னொரு தப்பு," என்றார் டீச்சர். "காமிராவைப் பாக்காதேன்னு ஆறாங்கிளாஸ் பிள்ளைங்களுக்கே சொல்லித் தர்றேன்."

"எனக்கு அந்த இடம்தான் ரொம்பப் பிடிச்சுது," என்றான் ராயெல். "நீங்க கோழிய நெனச்சுக்கிட்டே பாத்தீங்க."

"என் கோழியில எவனும் குறை சொன்னதில்ல. நான் வேணாங்கறேன், இவன் வேணுங்கறான். ஹடாசா, நீ சொல்லு."

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் வேண்டும் என்றால் இடம் கிடைத்துவிடும். ஆனால் பெயர் வெளியே வரும் நாளில் அது பறிபோகும். சொல்லாமல் கொள்ளாமல் எழுந்து போனால், ஓட்டு ஒன்றுக்கு ஒன்று சமமாகிவிடும்; அப்போது டீச்சர் வைத்ததுதான் சட்டம்.

"செம்பு வைக்காதது தப்பில்ல டீச்சர்," என்றேன். "அந்த வீட்டுக்கு யாரும் கல்லறையிலேருந்து வரல. யாரும் சாகல."

ராயெலின் கை பிஸ்கட்டோடு நின்றது.

"பெரிய பொண்ணு வேத்து மதத்துப் பையனக் கட்டிக்கிட்டா. உயிரோட இருக்கிறவளுக்கு அப்பா ஏழு நாள் துக்கம் உக்காந்தாரு."

"உனக்கெப்படித் தெரியும்?"

"அன்னைக்கு எங்க வீட்டுக் கண்ணாடிய மூட வெள்ளத் துணி பத்தல. சமையலறை மேசை விரிப்ப எடுத்துட்டு வந்து மூடினது நான்தான்."

ஓட்டுச் சீட்டில் ஒன்றும் எழுதாமல் மேசைமேல் வைத்துவிட்டு எழுந்தேன்.

டீச்சர் சொன்னது தவறு. அந்தப் பிள்ளை அம்மாவிடம், என் அக்காவிடம், கேட்டுத்தான் எடுத்திருக்கிறது. முப்பது வயதுக்குள் இருக்கும் யாரோ ஒருவருக்கு நான் சித்தி. ஆணா பெண்ணா என்பதுகூடத் தெரியாது. சந்தோஷமாக இருந்தது. அக்கா போய் முப்பத்தைந்து வருடத்தில் ஒரு கடிதம்கூடப் போடாத எனக்கு அந்தச் சந்தோஷம் அதிகம்தான்.

டீச்சர் தன் சீட்டில் 'வேண்டாம்' என்று எழுதியிருந்ததை அடித்தார். மேலே புதிதாக எழுதினார். ராயெல் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினான்.

நான் கதவருகே போய்விட்டேன்.

"இரு," என்றார் டீச்சர். "அந்தப் பொண்ணு எதுக்குக் காமிராவப் பாத்தா? அதையும் சொல்லிட்டுப் போயேன்."

"அது தெரியல டீச்சர்," என்றேன்.

அன்று கேட் வரைக்கும் போனபோது எனக்குப் பத்தொன்பது வயது. எதிர்ச்சாரியில் ஜகரண்டா மரத்தடியில் அக்கா நின்றுகொண்டிருந்தாள். பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தேன்.