மஞ்சள் பட்டை

"ஏட்டு, அந்தப் பட்டையை யார் கையில கட்டினீங்க?"

"தெரிஞ்சவங்க கையிலதான், ஐயா."

"தெரிஞ்சவங்கன்னா? பொண்டாட்டியா?"

"அவ பாட்டுச் சத்தம் கேட்டாலே பல்லு வலிக்குதுன்னு போய்ப் படுத்துக்குவா, ஐயா."

சிரிப்பை மறைக்க ரைட்டர் இருமினார். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டருக்குப் பட்டப்பெயர் 'சொந்தத் தண்ணி'. எந்த விழாவுக்குப் பந்தோபஸ்து போனாலும் குடிக்கத் தண்ணீர் வீட்டிலிருந்து வரும். ஒருமுறை விழா வாசலில் யாரோ அவர்மேல் செண்ட் அடித்துவிட, வீட்டுக்கு ஓடித் தலைமுழுகி, வேறு சட்டை மாற்றிக்கொண்டு வந்து நின்றார். இன்னொரு முறை கொட்டுகிற மழையில், விழாக்காரர்களின் பந்தலில் ஒதுங்கினால் அதுவும் அன்பளிப்புதான் என்று வெளியிலேயே நின்றாராம். வெட்கப்பட்டு மழையே நின்றுவிட்டது என்பார்கள். அதில் பாதியைத் தள்ளிவிடலாம்.

நிகழ்ச்சி நடத்துகிறவர்களிடம் போலீஸ்காரர் எதுவும் வாங்கக் கூடாது. இது சட்டம். மற்றவர்கள் படித்துப் பாஸானதை இவர் அப்படியே நம்பியும் விட்டார்.

போன வாரம் மைதானத்தில் பெரிய பாட்டுக் கச்சேரி. நடத்தினவர்கள் ஸ்டேஷனுக்கு ஓர் உறை அனுப்பினார்கள். உள்ளே, முக்கிய விருந்தாளிகள் மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் மஞ்சள் பட்டைகள். அது கையில் இருந்தால் வாசலில் கேள்வி கிடையாது, முன்வரிசை நாற்காலி. பிரிக்காமலே திருப்பி அனுப்பினார் இன்ஸ்பெக்டர்.

இன்று காலை நன்றி சொல்ல வந்த மேனேஜர், நல்லது செய்வதாக நினைத்து உளறிவிட்டார். "ஏட்டய்யா மட்டும் எங்க ஆபீஸுக்கே வந்து ஒண்ணு கேட்டு வாங்கிக்கிட்டாரு சார். ரொம்பத் தங்கமான மனுஷன்."

ஆதாரத்துக்கு மிச்சமிருந்த பட்டை ஒன்றை உறையில் போட்டு வாங்கி மேஜை டிராயரில் வைத்துக்கொண்டு, தங்கமான மனுஷனைக் கூப்பிட்டார் இன்ஸ்பெக்டர்.

"சப்-இன்ஸ்பெக்டரா ரிட்டயர் ஆகப்போறீங்க. தோள்ல நட்சத்திரம் ஏற வேண்டிய நேரத்துல இப்படி ஓசிக்கு ஆசைப்படலாமா?"

"தப்புதான், ஐயா."

"யாருக்குன்னு சொன்னாலாவது ஏதாச்சும் பார்க்கலாம்."

"அதை மட்டும் கேக்காதீங்க."

"சட்டைக்கு அளவு கொடுத்தாச்சுன்னு கேள்விப்பட்டேன்."

"தையல்காரன்கிட்ட வெட்ட வேண்டாம்னு சொல்லிக்கிறேன், ஐயா."

இன்ஸ்பெக்டருக்கு எரிச்சலாக வந்தது. பதவி உயர்வை நிறுத்தும்படி அறிக்கையில் கையெழுத்துப் போட்டார்.

இத்தனைக்கும் லீவு முடிந்து அன்றுதான் இன்ஸ்பெக்டர் வேலைக்கு வந்திருந்தார். கச்சேரிக்கு மறுநாள் காலை அவர் அம்மாவுக்கு நெஞ்சுவலி. பக்கத்து வீட்டுக்காரர்கள்தான் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். டூட்டியிலிருந்து இவர் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கையிலிருந்து கழற்றியது என்று நர்ஸ் ஓர் உறையைக் கொடுத்தாள். பிரிக்கவோ வீட்டில் வைக்கவோ மனம் வராமல், அதையும் அதே டிராயருக்குள் வைத்திருந்தார்.

அந்த அம்மா ஒரே ஒரு தடவைதான் கேட்டார். "கச்சேரிக்கு நானும் வரட்டுமாடா?"

"டிக்கெட் எல்லாம் தீர்ந்து போச்சும்மா. அதோட நான் டூட்டி பார்க்கிற இடத்துல என் வீட்டு ஆளுங்க தலை தெரியக் கூடாது. நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க."

"சரிப்பா" என்று உள்ளே போய்விட்டார்.

"ஐயா, அறிக்கையோட பட்டையையும் சேர்த்துக் கட்டணும்" என்றார் ரைட்டர்.

டிராயரைத் திறந்து உறையை எடுத்து, வாயைக் கிழித்து, மேஜைமேல் கவிழ்த்தார் இன்ஸ்பெக்டர்.

மஞ்சள் பட்டை விழுந்தது. கத்தரியால் வெட்டிய பட்டை.

அதன் பின்னாலேயே, தேய்ந்து நூலாகிப்போன ஒரு மோதிரமும் உருண்டு வந்தது.

மேனேஜர் கொடுத்த உறை டிராயரிலேயே கிடந்தது.

ரைட்டர் மோதிரத்தைப் பார்த்தார், இன்ஸ்பெக்டரைப் பார்த்தார், எழுந்து வெளியே போய்விட்டார்.

"ஏட்டய்யா." அப்படி அவர் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "எப்ப?"

"பைல் கொடுக்க வீட்டுக்கு வந்தேனே, அன்னிக்குக் கேட்டாங்க. எப்படியாச்சும் உள்ள விட்டுடுப்பா, அவனுக்குத் தெரிய வேண்டாம், தெரிஞ்சா என்கூடப் பேச மாட்டான்னாங்க. முக்காடு போட்டு, ஓரத்து நாற்காலியில தூண் மறைவா உட்கார வெச்சேன்."

"இப்பவாவது சொல்லியிருக்கலாமே."

"நீங்க வேண்டாம்னு சொன்னதை மீறிட்டாங்கன்னு, அவங்க போனப்புறம் உங்களுக்கு எதுக்கு ஐயா தெரியணும்?"

இன்ஸ்பெக்டரின் கை அறிக்கைப் பக்கம் போனது.

"அது இருக்கட்டும், ஐயா. வாங்கினது வாங்கினதுதான்."

இன்ஸ்பெக்டர் மோதிரத்தை எடுத்து உள்ளங்கையில் மூடிக்கொண்டார்.

"பாட்டாவது பிடிச்சிருந்துதா அம்மாவுக்கு?"

ஏட்டு தொப்பியைக் கையில் சுழற்றினார்.

"மேடைப் பக்கமே அவங்க திரும்பலை, ஐயா. யூனிபார்ம்ல நீங்க வேலை பார்க்கிறதை ஒரு தடவை பார்க்கணும்னுதான் வந்தாங்க. கடைசி வரைக்கும் நீங்க நின்ன இடத்தையேதான் பார்த்துக்கிட்டு இருந்தாங்க."